அசல் கிராமத்துச் சாப்பாடு

பிரியா,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதி, உன் தம்பி பார்த்திபனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

'அசல் கிராமத்துச் சாப்பாடு' என்று நான் நெட்டில் போட்ட விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, நேற்று ஒரு பெல்ஜியம் நாட்டுப் பெண்மணி குயிலாப்பாளையத்தில் நம் வீடு தேடி வந்தார். வழக்கம்போல மிக்ஸியையும் கேஸ் அடுப்பையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, போட்டோவுக்காகவும் வருகிறவர்களுக்காகவும் உன்னை உட்கார வைத்த அதே விறகடுப்பில் நானே கேப்பைக் களி கிண்டினேன். மூச்சு விட முடியவில்லை. உனக்கு இளைப்பு வந்ததற்குக் காரணம் உன் உடம்பு இல்லை, அந்த அடுப்புதான். புகை போக வழியே வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு சின்னபொண்ணு அக்கா எட்டிப் பார்த்தார். "ஊட்ல கேஸ வெச்சிக்கினு யாருக்குப்பா இந்தப் படம் காட்ற? அவள இருமவெச்சி வெரட்டிட்ட. இப்ப நீ இருமிக்கினு கெட."

நான் குனிந்து அடுப்பை ஊதினேன்.

களி கட்டி கட்டியாக வந்தது. அந்தப் பெண்மணி வருடாவருடம் ஆரோவில் வந்து தமிழ் கற்றவர். மரியாதைக்கு ஒரு வாய் வைத்துவிட்டு, "உங்கள் வீட்டில் தினமும் இதுதானா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. இப்ப தினமும் பிரெட்டுதாங்க. என் சம்சாரம் மயிலத்துல அவங்க அம்மா வீட்டுக்குப் போய்ட்டாங்க."

அவருக்கு ஒரே சந்தோஷம். அங்கேயே போய் உண்மையான வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம், உடனே கார் பிடிக்கிறேன் என்றார். முடியாது என்று அனுப்பிவிட்டேன். விளம்பரத்தையும் எடுத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் வருகிறேன். எனக்காக எதுவும் சமைக்க வேண்டாம். கதவை மட்டும் திற.

உன் வீட்டுக்காரன்