கொமாஞ்சி வழக்கமும் உன் பெயரும்

டோபி கடையில் யாருடைய கோட்டோ இஸ்திரிப் பெட்டியில் கருகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் தெரு முழுக்கக் கம்பளி வாசனை. வேலை முடிந்த களைப்பில் அப்படியே நின்றுவிட்டேன். நீ போன மறுவாரம் உன் ரயில்வே கோட்டை எரித்தபோதும் இதே வாசனைதான்.

எரிக்கச் சொன்னவன் நீ. மிஷன் பள்ளிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த டீச்சரம்மா கொடுத்த புத்தகத்தில், அவர்கள் நாட்டுக் குதிரைக்கார மக்களான கொமாஞ்சிகளைப் பற்றிப் படித்துவிட்டு, நாம் வேலை பார்த்த கிள்ளான் கூட்ஸ் வண்டியில் வழியெல்லாம் எனக்குக் கதை சொன்னாய். ஓடும் குதிரையின் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டே, அதன் கழுத்துக்கு அடியிலிருந்து அம்பு விடுவார்களாம். அதைச் செங்கல் வண்டி மாட்டில் செய்து பார்த்து நீ சாக்கடையில் விழுந்தாய். வெள்ளைக்காரர்கள் காட்டெருமைகளைச் சுட்டுத் தீர்த்து, அவர்களைப் பட்டினி போட்டு ஒரு மூலையில் அடைத்த பக்கம் வந்ததும்தான் உன் பேச்சு குறைந்தது.

“செத்தவன் பேரச் சொல்லமாட்டாங்களாம்டா. அவன் சாமானையும் எரிச்சிருவாங்க. சொன்னா இருக்கிறவங்களுக்கு வலிக்கும்ல? எனக்கும் அப்படியே செஞ்சிரு” என்றாய். சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தேன். அடுத்த மழைக்காலத்தில் மலேரியா உன்னைக் கொண்டுபோயிற்று.

ஐந்து வருடம் ‘அவன்’, ‘அவன்’ என்றே சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நம் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை என்பதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

போன வாரம் உன் மனைவி மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனாள். அப்பா பெயரென்ன என்று டீச்சர் கேட்க, “அப்பாதான்” என்றாளாம் பிள்ளை. உடனே உன் மனைவி அவளை இழுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

“நான் சொல்லக்கூடாது. நீங்களும் சொல்லமாட்டேங்கிறீங்க. எம்பிள்ளைக்கு யாருண்ணே சொல்லுவா?”

எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. பிள்ளையின் முன் உட்கார்ந்து உன் பெயரைச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். “நல்லாருக்கு மாமா” என்றாள். உன் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இப்போது பிள்ளை என்னைக் கண்டாலே உன் பெயரைச் சொல்கிறாள். நீ சொன்னது சரிதான், ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது. இருந்தும் இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறேன்.