இன்றைய நோயாளி

செவ்வாய். ஆடிக் காற்று. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தே வந்தது.

இல்லை, எழுதியவள் பெயரை வகுப்பில் சொல்லவில்லை. ஒருபோதும் சொல்வதில்லை. அதுதான் விதி. ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளிலிருந்து தினம் ஒரு பிழையான வாக்கியம், கரும்பலகையின் இடது மூலையில். மேலே தலைப்பு: இன்றைய நோயாளி. என்ன நோய் என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். பிறகு சிகிச்சை. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்கிறார்கள். நானே கண்டுபிடித்த முறை. அதில் பெருமை வேறு.

இன்று எழுதியது: ‘அம்மா கிழங்கு மூட்டையோட பஸ்ஸுக்கு நின்று பஸ் வராமல் இருட்டி மூட்டையை விட்டுவிட்டு வர மனசில்லாமல்’

அவ்வளவுதான். அங்கேயே நின்றுபோன வாக்கியம்.

“மிஸ், பயனிலை செத்துப்போச்சு மிஸ்!” வர்ஷினி. முதல் பெஞ்ச்.

“கிழங்குன்னா பச்சைமலைதான். நம்ம கோகிலா!”

“அவ ஊருக்கு ஒரே பஸ்ஸாம்டி. அதுவும் ஐசியூல இருக்காம்.”

வகுப்பே சிரித்தது. நானும்.

சிகிச்சைக்குப் பின்: ‘பேருந்து வராததால் அம்மா இரவு முழுவதும் மூட்டையுடன் அங்கேயே தங்கினார்.’ வர்ஷினி சொல்ல, நான் பச்சை சாக்பீஸில் எழுதினேன். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கோகிலாவும். அவளுக்கும் டிக் போட்டேன்.

வாங்க: சிவப்புப் பேனா, சேஃப்டி பின். கேஸ் சிலிண்டர் புக் செய்ய.

புதன். காற்று நிற்கவில்லை. கண்ணெல்லாம் மண்.

தண்ணீர்க் குழாய் அருகே: “ஏய் கிழங்கு, பஸ் வந்துருச்சாடி?” திட்டினேன். நிறுத்தினார்கள். திரும்பி நடந்தேன், முதுகுக்குப் பின்னால் மறுபடியும்.

பஸ்ஸில் கணக்கு டீச்சர் சாந்தி மிஸ்: “விடுங்க, அடுத்த வாரமே வேற பேரு வெச்சிருவாளுங்க.” உறையூர் வரும்வரை கொய்யாப்பழம் தின்றபடி இதையே சொன்னார். பாதிப் பழம் எனக்கு.

எம்.ஏ. படித்தபோது, முடிக்கப்படாத ஒரு வரியின் அழகைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். கை தட்டினார்கள். அந்தக் கட்டுரையை எழுதிய நான் நேற்று வகுப்பில் இல்லை.

சாப்பிடவில்லை. அம்மாவிடம் தலைவலி என்றேன்.

வெள்ளி. வெயில். நேற்று எதுவும் எழுதத் தோன்றவில்லை.

‘எங்கள் ஊர்’, ஒரு பத்தி. கோகிலா: ‘எங்கள் ஊர் அழகானது. எங்கள் ஊரில் மரங்கள் உள்ளன. பறவைகள் கூடு கட்டுகின்றன.’ பிழை ஒன்றுகூட இல்லை.

பள்ளி திறந்த புதிதில் இதே பெண் எழுதியது: ‘மழை முதலில் எதிர் மலைக்கு, எங்களுக்கு அதன் வாசனை மட்டும்.’ பயனிலை இல்லை என்று அதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். இரட்டைக் கோடு.

தலைமையாசிரியை நோட்டை எடுத்துப் பார்த்தார். “பாத்தீங்களா, அந்த மலைப் பொண்ணே எவ்ளோ சுத்தமா எழுதுது! உங்க மெத்தட மத்த செக்‌ஷனுக்கும் சொல்லிக் குடுங்க.”

தேங்க்ஸ் மேடம் என்றேன். வாய் பழக்கம்.

மதியம் கோகிலாவைக் கூப்பிட்டேன். ஹாஸ்டல் டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள்.

“அம்மாவப் பத்தி ஏன் எழுதல?”

“அதுல தப்பு வந்துரும் மிஸ்.”

“அன்னைக்கு ராத்திரி பூரா அம்மா அங்கேயா இருந்தாங்க?”

“இல்ல மிஸ். நான் டார்ச் எடுத்துட்டுப் போனேன். மூட்டையப் பிரிச்சு ரெண்டாக் கட்டி, ஆளுக்குப் பாதியா தூக்கிட்டு வந்துட்டோம்.”

“அப்ப நோட்டுல ஏன் அப்படி எழுதின?”

“நீங்க போர்டுல எழுதுனீங்கள்ல மிஸ்.”

போய்ச் சாப்பிடு என்றேன்.

அவள் டார்ச்சோடு நடந்து போயிருக்கிறாள். நாங்கள் நாற்பது பேர் சேர்ந்து அவளை அந்தப் பாதையிலிருந்து எடுத்துவிட்டு, அம்மாவைத் தனியாக உட்கார வைத்தோம். பச்சை சாக்பீஸில். அப்புறம் என்ன ஆச்சு என்று ஒருத்தி கேட்டிருக்கலாம். நான் கேட்டிருக்கலாம்.

ஞாயிறு. துணி துவைத்தேன். வகுப்பில் மன்னிப்புக் கேட்பதாக மனதுக்குள் ஒத்திகை. ஒவ்வொரு முறையும் நான் நன்றாகவே பேசுகிறேன். அதுதான் உறுத்துகிறது.

திங்கள். மேகமூட்டம். சேஃப்டி பின் இன்னும் வாங்கவில்லை.

பிரேயருக்கு முன் கோகிலாவிடம் கேட்டேன். “க்ளாஸ்ல எல்லார் முன்னாடியும் சாரி சொல்லட்டுமா?”

“ஐயோ வேணாம் மிஸ். மறுபடியும் கிழங்கும்பாங்க.”

ஆக, அந்த மன்னிப்பு எனக்காகத்தான்.

இடது மூலையைக் காலியாக விட்டேன்.

“மிஸ், இன்னைக்குப் பேஷன்ட் லீவா?” வர்ஷினி.

“இனிமே பேஷன்ட் கிடையாது. செவ்வாக்கிழமை எழுதுன வாக்கியத்த எல்லாரும் அடிச்சிருங்க. தப்பு.”

“பயனிலையெல்லாம் கரெக்டா இருக்கே மிஸ்?”

“இருக்கு. ஆனா நடந்தது அது இல்ல. கேக்காமலே முடிச்சுட்டேன்.”

“அப்ப என்னதான் மிஸ் நடந்துச்சு?”

“எழுதுனவங்க சொன்னாத்தான் தெரியும்.”

தலைகள் கடைசி பெஞ்ச் பக்கம் திரும்பின. போர்டைப் பாருங்கள் என்று கத்தினேன். போர்டில் எதுவுமே இல்லை.

கோகிலா ஸ்கேல் வைத்து அடித்தாள். பிறகு அதன் கீழே எழுத ஆரம்பித்தாள், இடது கையால் மறைத்துக்கொண்டு. நிறுத்தாமல்.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. மணி அடித்தது. நோட்டுகளை இன்று வாங்கவில்லை.