போல்ட்டின் தலையைப் பிடிக்க ஒரு ஆள்

அன்பான பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குட்டிப்பெண்ணும் அதே மாதிரி இருக்க வேண்டும், குட்டிக்குச் சளி விட்டதா என்று எழுது. போனில் கார் பேச்சை எடுத்தாலே அந்த டப்பாவை வித்துத் தொலைங்கம்மா என்று நீ ஆரம்பித்துவிடுகிறாய், என்னைப் பேச விடுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன், எழுத்தில் நீ குறுக்கே வர முடியாதே. என் எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படி.

நீ பயப்படுவதில் தப்பில்லை. உங்கப்பா போன பிறகு எனக்கும் எதைக் கண்டாலும் பயம்தான், பால் பொங்குகிற சத்தத்துக்குக்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. சின்னவளுக்கு மலை மேலே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, வேலை முடிந்து வரும்போது பஸ் கிடையாது, அதனால் உங்கப்பாவின் ரெண்டு பேர் உட்காருகிற பழைய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துப் போகிறாள் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் அவள் கேட்டில் வண்டியை எடுக்கும்போது, கிளட்சை விட்டதும் அடியிலிருந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தது. நான் அடுப்படியில் நின்றேன். அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். கியர்பாக்ஸுக்கும் பின்னால் போகிற நீளமான ஷாஃப்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வட்டு இருக்கும், கப்ளிங் என்பார்கள், அதில் ஆறு போல்ட், அதில் எது தளர்ந்தாலும் இப்படித்தான் தட்டும், அப்படியே விட்டால் ஒருநாள் ஓடுகிற வண்டியில் ஷாஃப்ட் கழன்று அடித்தகட்டைப் பிய்த்துவிடும் என்று உங்கப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அதுவும் அந்த மலை வளைவில்.

அவளிடம் சொன்னேன், வண்டியைத் தொடாதே என்று. லீவு நாளில் அவளே அடியில் படுத்துப் பார்த்தாள், நட்டைத் திருப்பினால் போல்ட்டும் சேர்ந்து சுற்றுகிறது, ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை அது. ஒருத்தர் போல்ட்டின் தலையை ஸ்பேனரால் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் நட்டைத் திருப்ப வேண்டும். இத்தனை வருஷமும் தலையைப் பிடித்தது நான்தான், அது அவளுக்குத் தெரியாது, நீங்கள் ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போன நேரத்தில்தான் நாங்கள் அந்த வேலை பார்ப்போம். எனக்குக் கார் ஷெட்டுக்குள் போகவே மனசு வரவில்லை, உங்கப்பா போன பிறகு அந்தக் கதவை நான் திறக்கவே இல்லை. அதனால் உன் சித்தப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். தையற்கடையைப் பூட்டிவிட்டுப் பெரிய மெக்கானிக் மாதிரி சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்தார். இதெல்லாம் ஒரு வேலையா அண்ணி, நீங்க டீ போடுங்க என்றார். டீ போட்டு எடுத்துக்கொண்டு ஷெட் வாசல் வரைக்கும் போவதற்குள் வேலை முடிந்துவிட்டது என்கிறார். முடிந்தது, என்ன முடிந்தது. நட்டை விட்டுவிட்டு ரப்பர் பக்கம் இருக்கிற தலையைப் பிடித்து முக்கி முக்கித் திருகியிருக்கிறார், ரப்பர் முறுக்கிக்கொண்டு ஒரு இடத்தில் வாய் பிளந்துவிட்டது. சின்னவள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நீங்க காஜா எடுக்கிறதோட நிறுத்திக்கோங்க சித்தப்பா என்றாள். அவரும் குனிந்து பார்த்தார், நூலை ரொம்ப இழுத்தா துணி சுருங்கிக்கிற மாதிரியே இருக்கேடி, இது தெரியாமப் போச்சே என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கப்பா போனதிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான், நீ சித்தப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே.

நல்லவேளையாக உங்கப்பா ஒரு புது ரப்பர் வாங்கிப் பீரோ மேலே துணி சுற்றி வைத்திருந்தார், வெயில் படாமல் வைத்ததால் வெடிப்பு விழவில்லை. அதை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் பிடிக்க ஆள் வேண்டுமே. சித்தப்பாவை மறுபடி விடச் சின்னவளுக்கு இஷ்டமில்லை. அவள் என்னைக் கேட்கவில்லை, ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு மேலே உட்கார வைத்தாள், முன் சக்கரத்துக்குக் கட்டை போட்டாள், தனியாகவே படுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஐயோ என்றாள், ஸ்பேனர் நழுவி விரல் முட்டியில் பட்டிருக்கிறது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பக்கமாகப் படுத்து உள்ளே போனேன். உங்கப்பா படுக்கிற பழைய கம்பளம் அங்கேயே விரித்துக் கிடந்தது, அவருடைய எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. மல்லாந்து படுத்து அழுதால் கண்ணீர் காதுக்குள் போகிறது. அவள் அந்தப் பக்கத்திலிருந்து, அம்மா ஸ்பேனர் ஆடுது, கெட்டியாப் பிடி என்றாள். பிடித்தேன்.

புது ரப்பரைச் சுற்றி இறுக்கமாக ஒரு தகரப் பட்டை வரும், அதை அவள் முதலிலேயே வெட்டப் போனாள், ஆறு போல்ட்டும் மாட்டின பிறகுதான் வெட்டணும்டி, இல்லாட்டி ஓட்டையெல்லாம் விலகிப்போகும் என்றேன். இதெல்லாம் உனக்கு யார் சொன்னா என்றாள். யார் சொல்வார்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தோம், நான் ரப்பர் பக்கம் பிடித்தேன், அவள் இரும்புப் பக்கம் இருக்கிற நட்டை, போதுமென்றால் டக் என்று சொல்லுமே அந்த நீள ஸ்பேனரால் திருப்பினாள். நட்டெல்லாமும் புதுசு, உங்கப்பா ரப்பரோடு சேர்த்தே வாங்கி வைத்திருந்தார். முடித்த பிறகு என் நகப்பூச்சை எடுத்து வந்து நட்டிலிருந்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்தேன், நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும், உங்கப்பா என் பாட்டிலை அப்படித்தான் காலி பண்ணுவார்.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பினாள். நான் கேட்டருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், சத்தமே இல்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை, நில்லுடி என்று சொல்லிப் பக்கத்து சீட்டில் ஏறிவிட்டேன், வீட்டுப் புடவையோடு. மலை ஏறினோம், ஒவ்வொரு வளைவிலும் அடியில் என்ன கேட்கிறது என்றே கேட்டுக்கொண்டு போனேன், ஒன்றும் கேட்கவில்லை. அவள் வேலை முடிகிற வரைக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இறங்கி வரும்போது பாதி மலையில் நான் தூங்கிவிட்டேனாம், அம்மா வீடு வந்தாச்சு என்று அவள் எழுப்பித்தான் முழித்தேன். உனக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்பா, இனி வண்டியை வாங்க ஆள் பார்க்காதே.

நீ தினமும் நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளோடு சத்தம் போடாதே, நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைய வருஷம் நன்றாக இருக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடின பிறகு போல்ட்டுகளைத் திரும்ப ஒரு தடவை பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கப் போகிறோம். அந்த நேரத்தில் போன் பண்ணாதே, அடித்தாலும் எடுக்க ஆள் இருக்காது, ரெண்டு பேரும் காருக்கு அடியில் இருப்போம்.

இப்படிக்கு,
உன் அம்மா