அண்ணனின் கொட்டகையில் எடுத்த ரத்தம்

என் உயிரில் பாதியாக இருந்த அண்ணனுக்கு,

உன் கொட்டகையில் நீ அழுத்திப் பிடிக்க, நான் ஊசி குத்தி எடுத்தேனே, அந்தப் பதினொரு பன்றிகளின் ரத்தத்தை இந்த வாரம்தான் சோதித்தேன். இத்தனை மாதமும் எங்கள் ஆய்வகத்தில் உறைந்து கிடந்தது. நோய் வந்தால் உடம்புக்குள் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும், அந்தச் செய்தி மிஞ்சினால்தான் உடம்பு கொதிக்கும் என்று உனக்குச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு செய்தியையும் பிடிக்கத் தனி ஆன்டிபாடி வேண்டும். மனிதருக்கானது பன்றி ரத்தத்தில் பெரும்பாலும் ஒட்டாது. பன்றிக்கென்றே செய்த சோதனைப் பெட்டி இப்போதுதான் வந்தது.

மூன்று குழாய்களில் கொதிப்பு எகிறி நின்றது. மற்ற எட்டும் அமைதி. அந்த எட்டுக்கும் அன்றைக்கு நோயே இல்லைபோல, அண்ணா.

அவற்றையும்தான் அடித்துக் கொன்றார்கள்.

அப்போது, ரத்தம் எடுத்த கையோடு, ஒன்றிரண்டு குழாயில் மட்டும் காய்ச்சல் உண்டா என்று பார்த்திருந்தேன்; அந்த முடிவு வந்ததும் உனக்குப் போன் செய்தேன். நீ செராமிக் தொழிற்பேட்டை வாசலில் டீக்கடையில் இருந்தாய். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. "பன்னிக் காய்ச்சல்தாண்ணா. யாரையும் கிட்ட வுடாத" என்றேன். மற்ற கொட்டகைகளுக்குப் பரவக் கூடாதென்று சொன்னேன். இது மனிதருக்குத் தொற்றாது, மனிதருக்கு வரும் பன்றிக் காய்ச்சல் வேறு என்று சொல்லவில்லை. உனக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு?

ஆட்டோ ஓட்டும் குமரேசன் அங்கே இருந்தான். அவன் மகள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆட்டோ கண்ணாடியில் பன்றி முகச் சாமியான ஸ்ரீமுஷ்ணம் பூவராகரை ஒட்டி வைத்திருப்பவன், ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு இரும்புக் குழாயோடு வந்தான். பட்டப்பகலில் மண்டை மண்டையாக உடைத்தார்கள். குட்டிகளைக் காலைப் பிடித்துச் சுவரில் அறைந்தார்கள். சினைப் பன்றியின் மேல் நீ குப்புற விழுந்து மறைத்தாயாம். உன்னைப் புரட்டிப் போட்டு வயிற்றில் குழாயை இறக்கியது குமரேசன். எல்லாவற்றையும் அண்ணி பார்த்தார்.

குடல் கிழிந்து, கிருமி ரத்தத்தில் கலந்தது. உன் உடம்பின் கொதிப்பே உன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் அணைத்துவிட்டது என்றார் டாக்டர். பன்றி ரத்தத்தில் நான் தேடும் அதே கொதிப்பு. நாலாம் நாள் போய்விட்டாய்.

வரும் திங்கட்கிழமை உன் கொலை வழக்கில் அண்ணியும் நானும் கோர்ட்டில் சாட்சி. நேற்று குமரேசன் மனைவி வீட்டுக்கு வந்தாள்.

"எம் பொண்ணுக்கு வந்தது டெங்குங்க. அவருக்குத் தெரியாதுங்க. அடிச்சது யாருன்னு பாக்கலன்னு உங்க அண்ணிய சொல்லச் சொல்லுங்க."

அவள் குரல்வளையைப் பிடிக்கலாமா என்றிருந்தது. மகள் எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்டேன். ஏன் கேட்டேன்?

"இப்ப ஸ்கூலுக்குப் போவுதுங்க" என்றாள். போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அண்ணி பார்த்ததைப் பார்த்தபடி சொல்வார். அதன்பின் நான் சாட்சிக் கூண்டில் ஏறுவேன். போனில் என்ன சொன்னேன், எதைச் சொல்லாமல் விட்டேன் என்பதை யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுவேன். அது குமரேசனுக்குச் சாதகமானாலும் மறைக்க மாட்டேன், அண்ணா. இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
செல்வி