நாலில் ஒரு பங்கு

நேற்றுப் பொழுது சாய்கிற நேரம் நம் சின்னவளின் மாப்பிள்ளை லயத்து வாசலில், வரிசை வீடுகளின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். கொழும்பிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறார்கள். கையில் ஒரு கறுப்புக் கடிகாரம். அது மணி மட்டும் காட்டாதாம், நடக்கிற அடியையும் எண்ணுமாம். "பத்தாயிரத்துக்கு இன்னும் அறுநூறு இருக்கு அத்தை" என்றார். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பகல் முழுக்க மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். ஒரு மனுஷன் எங்கேயும் போகாமல் நடப்பதைப் பார்த்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

நடந்து முடித்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவர் கேட்டார்: "ஏன் அத்தை, ஒரு சாதாரண ஆம்பளைக்கு எவ்வளவு ஒடம்புப் பலம் இருந்தாப் போதும்? எங்க ஆபீஸ்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"உங்க மாமாவும் இதையேதான் கேட்டாங்க" என்றேன். காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மிச்சத்தை அந்த மாமாவிடமே, உங்களிடமே சொல்லிவிடலாம் என்று இன்று விளக்கேற்றிவிட்டு எழுத உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருஷம் லயத்தில் ஒரே அறையில், ஒரே காம்பராவில் இருந்தோம், உங்களுக்கு ஒரு வரி எழுத வேண்டி வந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கோயில் பாட்டுப் புத்தகத்தையும் கடலை சுற்றி வந்த பேப்பரையும் எழுத்துக் கூட்டிப் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கட்டிவந்த புதிதில் நீங்கள் கவ்வாத்து வெட்டுகிற ஆள். வளர்ந்த தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை. உங்கள் முன்கை ரெண்டும் விறகுக் கட்டை மாதிரி இருக்கும். பிறகு பக்டரி வாசலில் காவலுக்கு வாச்சர் வேலை கிடைத்தது. மழை படாது, அட்டை கடிக்காது. நான் அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். ஏழு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அந்த ஏழு வருஷத்தில் உங்கள் பெல்ட்டில் ஆணியைச் சுட வைத்து நான் நான்கு ஓட்டை புதிதாகப் போட்டேன். "ஒடம்பு வச்சிருக்கு, கண்ணு படப்போகுது" என்று பக்கத்துக் காம்பராச் செல்லம்மாக்கா சொல்லும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்காரனை நன்றாகப் பார்க்கிறவள் என்ற பேர் அல்லவா.

அப்புறம்தான் அந்தக் குளவி நாள். மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணைக் குளவி கொட்டி, முகம் வீங்கி மூச்சுக்கு இழுக்கிறது. நம் லயம் இருக்கிற உயரத்துக்கு வேனும் வராது, ஆட்டோவும் வராது. வழக்கம்போல் இரண்டு மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டி, அதில் ஆளைக் கிடத்தி, நான்கு மூலைக்கு நான்கு ஆம்பிளைகள் தோள் கொடுத்தார்கள். நீங்கள் பின்பக்க வலது மூலை. கல்படியில் இறங்கி ஆற்றைத் தாண்டும் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆற்றுக்கு அப்புறம் ரோட்டுக்கு ஒரு ஏத்தம் இருக்கிறதே, அதில் பாதியில் உங்கள் கால் நின்றுவிட்டது. ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் பிடிப்பவர்களுக்குத்தான் வரும். "இறக்கு, இறக்கு" என்றீர்கள். கொழுந்து லொறியில் வேலை செய்கிற மணியம் பின்னாலிருந்து ஓடிவந்து உங்கள் மூலையை வாங்கிக்கொண்டான்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. திரும்பி வரும்போது மணியம் மட்டும் சொன்னானாம்: "மாமா, அடுத்த தடவ நீங்களும் கம்பளியில ஏறிப் படுத்துக்கங்க. சேத்துத் தூக்கிடுறோம்." எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள் என்று செல்லம்மாக்கா சொன்னார். வீட்டுக்கு வந்து ரொட்டியைத் தொடவில்லை. "நான் எறக்கி வச்ச நேரத்துல அந்தப் புள்ள மூச்சு நின்னிருந்தா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டீர்கள்.

மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போனோம். பிரஷர் கொஞ்சம் கூட, சீனியைக் குறை, நட என்றார் மருந்து கொடுக்கிற ஐயா. நீங்கள் எழுந்திருக்கவில்லை. "ஐயா, ஒரு சாதாரண ஆளுக்கு எவ்வளவு பலம் வேணும்?" என்று கேட்டீர்கள். "ஒங்க வேலைய நீங்க செய்யிற அளவு இருந்தாப் போதும்" என்றார் அவர். வாசலுக்கு வந்ததும் என்னிடம் முணுமுணுத்தீர்கள்: "என் வேலை உக்காந்திருக்கிறது. அதுக்கு முதுகு மட்டும் போதும்."

ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்தோம். பிறகு நின்று சொன்னீர்கள்: "நாலுல ஒரு பங்கு. அடுத்தவங்க பாரத்துல நாலுல ஒரு பங்கு. லயத்துல இருந்து ரோட்டுக்கு, எறக்காம. அவ்வளவு பலம் ஆம்பளைக்கு வேணும்."

நடக்கச் சொல்லிவிட்டார்கள், சரி. எப்படி நடப்பது? சும்மா நடந்தால் சிரிப்பார்கள் என்று உங்களுக்கு வெட்கம். அதனால் தோளில் ஒரு வெறும் உரச் சாக்கைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரி இறங்குவீர்கள். ரெண்டாம் நாளே மணியத்தின் பெண்சாதி பிடித்துக்கொண்டாள்.

"எங்க மாமா, சாக்கோட?"

"புல்லுக்கு."

"ஒங்ககிட்ட மாடே இல்லையே?"

"வாங்கலாம்னு இருக்கேன்."

"மாடு வார வரைக்கும் சாக்கு சும்மாதானே இருக்கும்? கடையில அஞ்சு கிலோ மா வாங்கிட்டு வந்துருங்க மாமா."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் லயத்தில் பாதிப் பேருடைய மாவும் அரிசியும் உங்கள் சாக்கில் வந்தது. மாட்டைப் பற்றி மட்டும் அவர்கள் விசாரிப்பதை விடவில்லை. "மாமா, கன்னு போட்டுருச்சா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரியும், ஒருநாள் கண்டுபிடித்துவிட்டீர்கள். இஸ்தோப்பு முனையில் நின்றால் அந்த ஏத்தமும் நம் கல்படியும் முழுக்கத் தெரியும். தேயிலைப் பச்சையில் உங்கள் வெள்ளை பனியன் ஊர்ந்து வரும். எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள் என்று எண்ணிப் பிள்ளைகளின் பழைய கொப்பியில் தேதி போட்டு எழுதினேன். முதல் நாள் பதினொன்று. மாசிக்கு எட்டு. சித்திரைக்கு ஐந்து. கொப்பியைப் பார்த்துவிட்டு, "கணக்கப்பிள்ளையம்மா, நேத்து அஞ்சு இல்ல, நாலு. ஒண்ணு செருப்பு அறுந்து நின்னது" என்றீர்கள். நான் அடித்துத் திருத்தவில்லை. நின்றது நின்றதுதான் என்றேன்.

இனி சொல்லப்போவது கொப்பியில் இல்லாதது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மன் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு நான் நெடுநேரம் கும்பிடுவேன். "என்னடி வேண்டுன?" என்பீர்கள். "எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான்" என்பேன். அது பொய். "ஆத்தா, இவருக்கு முறை வராம பாத்துக்க" என்றுதான் வேண்டினேன். கம்பளி கட்டுகிற நாளில் நீங்கள் வேலையில் இருக்க வேண்டும், இல்லை வேறு நாலு பேர் முந்திக்கொள்ள வேண்டும். யாரோ ஒரு உயிர் ரோட்டுக்குப் போவதற்கு நடுவில் என் வீட்டுக்காரரின் நெஞ்சு மட்டும் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நீங்கள் ஒரு மூலைக்காக உடம்பைத் தயார் செய்துகொண்டிருந்தீர்கள். நான் அந்த மூலை உங்களுக்குக் கிடைக்கக் கூடாது என்று தெய்வத்தின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்லாமலேயே அனுப்பிவிட்டேன், இப்போதாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

முறை வந்தது. ஆடி மாத மழை, காலை பத்து மணி. செல்லம்மாக்காவின் மருமகளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு உதிரம் போகிறது. ஆம்பிளைகள் எல்லாம் மலைக்குப் போயாயிற்று. காய்ச்சலில் வேலைக்குப் போகாமல் படுத்திருந்த ஒருவர், பக்டரி நைட் வேலை முடித்து வந்த ரெண்டு பேர். மூன்றுதான். நீங்கள் அன்றைக்கு லீவில் வீட்டில் இருந்தீர்கள். செல்லம்மாக்கா நம் வாசலில் வந்து நின்றார். உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

நீங்களும் என்னைத்தான் பார்த்தீர்கள். எதற்கும் என்னிடம் உத்தரவு கேட்காத மனுஷன், "என்ன சொல்ற?" என்றீர்கள்.

கொடியில் கிடந்த துவாயை எடுத்து நான்காக மடித்தேன். உங்கள் வலது தோளில் வைத்து அமுக்கினேன். "பின்பக்கம் மட்டும் பிடிக்காதீங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் பின்பக்கம்தான் பிடித்தீர்கள்.

நான் குடையை அந்தப் பிள்ளையின் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு உங்களுக்குப் பக்கத்தில் வந்தேன். கல்படியில் தண்ணீர் ஓடுகிறது. ஒவ்வொரு படிக்கும் கால் விரலை ஊன்றி, குதிகாலை வைத்து, பிறகுதான் பாரத்தை இறக்கினீர்கள். ஏத்தத்துக்கு வந்தோம். உங்கள் கழுத்து நரம்பு விரல் மொத்தத்துக்குப் புடைத்து நின்றது. முன்னால் பிடித்தவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டார், "அண்ணே, எறக்கி மாத்திக்குவமா?"

"பேசாம நட" என்றீர்கள்.

அன்றைக்கு நான் எண்ணவில்லை. எண்ண ஒன்றும் இருக்கவில்லை, நீங்கள் ஓரிடத்திலும் நிற்கவில்லை. வேன் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு மதகுக் கட்டையில் உட்கார்ந்தீர்கள். நான் துவாயைப் பிழிந்து உங்கள் தலையைத் துவட்டினேன்.

"பயந்துட்டியா?" என்று கேட்டீர்கள்.

"இல்ல" என்றேன். அது ரெண்டாவது பொய்.

"எனக்கு பயமா இருந்துச்சு" என்றீர்கள்.

செல்லம்மாக்காவின் பேத்தி குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வந்தவள். இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். நம் வாசலைத் தாண்டும்போது நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் போவாள்.

அதற்கு அடுத்த வருஷம் உங்களுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. "நடந்தே போறேன்" என்று எழுந்து, வாசல்படியில் மடங்கி உட்கார்ந்தீர்கள். கம்பளி கட்டினார்கள். பின்பக்க மூலைக்கு மணியம் வந்து நின்றான். அன்றைக்கு அவன் வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பத்தாம் நாள் நான் தனியாக வந்தேன்.

உங்கள் எட்டாம் நாள் சடங்குக்கு வந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "ஏறி எறங்கி அப்படி நடந்தாரே, என்ன பிரயோசனம்? எங்க வீட்டுப் பெருசு பீடி குடிச்சுக்கிட்டு எண்பது வரைக்கும் இருந்துச்சு." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் அது உள்ளே தங்கிவிட்டது. பதினொன்றை எட்டாக்கி, எட்டை ஐந்தாக்கி, கடைசியில் ஒன்றும் இல்லாமல் ஆக்கிய மனுஷனுக்கு ஆயுசில் எவ்வளவு கூடியது? நானும் கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் கூடவில்லை.

முப்பதாம் நாள் சடங்கு முடிந்து ரெண்டு நாள் இருக்கும், மணியத்தின் பெண்சாதி வாசலில் வந்து, "மாமா எறங்குறப்ப அஞ்சு கிலோ மா..." என்று சொன்னவள் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். பழக்கம். "அழாத, நான் வாங்கிட்டு வாரேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. உங்கள் மாதிரி சாக்கு வேண்டாம் என்று தலையில் துணி மடித்து வைத்துத் தூக்கி வந்தேன். அன்றைக்கு எத்தனை இடத்தில் நின்றேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அதன் பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ரெண்டு வருஷமாக வாரத்தில் நான்கு நாள் இறங்கி ஏறுகிறேன். "மாடு வாங்கிட்டீங்களா அத்தை?" என்று கேட்கிறார்கள்.

போன மாதம் கடைசிக் காம்பராச் சித்தப்பா பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. இப்போது லயத்தில் ஆம்பிளைகள் எங்கே இருக்கிறார்கள்? பாதிப் பேர் கொழும்பில், மிச்சப் பேர் மலையில். கம்பளி கட்டியபோது ரெண்டு பேர்தான் நின்றார்கள். வலியோடு சித்தப்பா சொன்னார், "அவசரமில்ல. நாலு ஆம்பள சேரட்டும்." கம்பளி தூக்கும்போது பெண்கள் தோள் கொடுக்கிற வழக்கம் நம் தோட்டத்தில் கிடையாது. குடை பிடிக்கலாம், துணிமூட்டை தூக்கி வரலாம், அழலாம்.

"சாயங்காலம்தான் சேருவாங்க சித்தப்பா. அது வரைக்கும் இப்படியே கிடப்பீங்களா?" என்றேன். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பின்பக்க வலது மூலையில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மணியத்தின் பெண்சாதி வந்து இடது மூலையைப் பிடித்தாள்.

அம்மனிடம் அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. கழி தோளில் ஏறினதும் தெரிந்தது, ஒரு மனுஷனில் நாலில் ஒரு பங்கு எவ்வளவு கனம் என்று. படி இறங்கும்போது கால் விரலை ஊன்றி, குதிகாலை வைத்து, பிறகு பாரத்தை இறக்கினேன். யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் குடையோடு வந்தபோது பார்த்ததுதான். ஏத்தத்தில் தோள் எரிந்தது. தோளில் கன்றிய தடம் இன்னும் மறையவில்லை, துணி உரசினால் வலிக்கிறது.

ரோட்டில் சிங்கள வேன் டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். சித்தப்பாவை உள்ளே கிடத்தியதும், தெரிந்த தமிழில் கேட்டான்: "ஏன் அம்மா, தூக்குறதுக்கு நாலு ஆள் இல்லையா?"

"நாலு பேர்தான் தம்பி வந்திருக்கோம், எண்ணிப் பாருங்க" என்றேன்.

ஏத்தம் ஏறி வந்த பிறகும் ஒரே மூச்சில் சொன்னேன்.