அட்டவணையில் பிலோமினா

6 அக்டோபர் 2024, ஞாயிறு

இன்று சம்பந்தி வீட்டில் என் மானம் போனது.

மூன்று கிழமையாக மருமகன் நூனோவின் பழைய கணினிக்கு முன்னால் குந்தியிருக்கிறேன். அவர்களுடைய போர்த்துக்கல் ஊர்க் கோவிலின் ஞானஸ்நானப் புத்தகங்களைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு ரெஸ்ரோறன்ற் வேலைக்குப் போக முடியாது. "சும்மா இருக்கிற நேரம் எங்கட பிள்ளைக்கு ஒரு வம்ச மரம் கீறித் தாங்கோவன்" என்று மகள் ஆலீஸ் தந்த வேலை இது. அவளுக்கு டிசம்பரில் பிள்ளை.

சாப்பாட்டு மேசையில் எழும்பி நின்று அறிவித்தேன்: "உங்கட பூட்டனுக்குப் பூட்டன் மனுவேல் தெய்ஷெய்ராவைப் பிடிச்சிட்டன். 1791. ஒரே வருஷத்தில நாப்பத்தொரு பிள்ளை!"

ஒவ்வொரு பதிவுக்கும் அடியில் அவர் பெயர் இருந்ததே!

சம்பந்தி லூர்தெஸ் கண்ணாடியை மாட்டிப் பார்த்தா. சிலுவை அடையாளம் போட்டா. பிறகு கதிரையோடு சேர்ந்து குலுங்கினா. அவர் பங்குச் சாமியாராம். பதிவுக்குப் பதிவு கையெழுத்து வைத்தவர்.

"மிசியூ பேதுரு, அந்தச் சாமியார் பாவம், மேலயிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னா.

ஆலீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாய் செத்த மூன்று வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்ததில்லை. மானம்தானே, போகட்டும்.

9 அக்டோபர்

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலுக்கும் கதை வந்துவிட்டது. மரக்கறிக் கடைக் கரிகாலன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "அண்ணை, பறங்கியளைத் தேடுறியளாம்? நானூறு வருஷத்துக்கு முந்தி அவங்கள் எங்களைத் தேடி வந்ததுக்குப் பதில் விசிட்டோ?"

வெண்டிக்காய் வாங்கப் போனவன் வாங்காமல் வந்தேன்.

17 அக்டோபர்

நூனோவின் குடும்பப் பெயரான தெய்ஷெய்ராவை, புத்தகத்தின் பின்னாலுள்ள அட்டவணையின் கடைசி எழுத்துகளில் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. இன்றைக்கு லூர்தெஸ் ஒரே வசனத்தில் முடித்தா. அந்த அட்டவணை குடும்பப் பெயரால் எழுதியதல்ல, ஆளின் பெயரால் எழுதியது. "எங்கட ஊரில எல்லாரும் தெய்ஷெய்ராதான். அப்பிடிக் கூப்பிட்டால் மாடும் திரும்பிப் பாக்கும்."

அவவின் பிரெஞ்சையும் என் பிரெஞ்சையும் சேர்த்தாலும் ஒரு ஆளின் பிரெஞ்சு வராது. ஆனாலும் இது உடனே விளங்கியது. நாங்களும் பெயரால் ஆளைத் தேடுகிற சனம்தானே. விசா பதிகிற பிரெபெக்தூர் கந்தோரில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெயர். அதையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். இப்போது மகளும் பாஸ்போட்டில் பேதுரு.

இனி எல்லாப் பெயரையும் 'அ'னாவிலிருந்து வாசித்து வர வேண்டும்.

24 அக்டோபர்

எஃப் எழுத்து. ஃபெலீசியா, ஃபெலிஸ்பெர்த்தா, ஃபிலிப்பா —

பிலோமினா.

கணினியை மூடிவிட்டேன்.

25 அக்டோபர்

எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியில்கூட ஒரு நாளும் எழுதவில்லை.

ஆலீசுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகள். பிலோமினா. 1993, முல்லைத்தீவு. பதினொரு மாதம் இருந்தாள். காய்ச்சல். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பாதை சண்டையால் பூட்டிக் கிடந்தது. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவிலின் புத்தகமும் பிறகு இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. படம் இல்லை. துண்டுக் கடதாசிகூட இல்லை.

பாரிசுக்கு வந்து ஆலீஸ் வயிற்றில் வந்ததும் என் மனைவி சொன்னாள்: "இஞ்சை பிறக்கிற பிள்ளைக்கு அந்தப் பாரம் வேண்டாமப்பா." நானும் ஓம் என்றேன். இப்போது அவளும் இல்லை. அந்தப் பெயரை அறிந்த ஆள் நான் ஒருத்தன்தான். நான் கண்ணை மூடினால்?

1866இல் பிறந்த யாரோ ஒரு பிலோமினாவுக்கு ஒரு வரி இருக்கிறது, பக்க எண்ணோடு. என்ர பிள்ளையை நான் எந்தப் பக்கத்தில போய்த் தேட?

3 நவம்பர், ஞாயிறு

ஆலீஸ் போன் எடுத்தாள். "அப்பா, கடைசிவரை பொறுக்க ஏலாமல் டொக்டரிட்டைக் கேட்டிட்டம், பொம்பிளைப் பிள்ளையாம்! முதல் பேர் லூயிசா. ரெண்டாம் பேருக்கு நூனோவின்ர ஆக்களின்ர பழைய பேருகள் எல்லாம் எழுதித் தாங்கோ."

பழைய பேர். ஓம், தரலாம்.

10 நவம்பர், ஞாயிறு

பதினேழு பெயர் எழுதிக் கொடுத்தேன். பதினாறு தெய்ஷெய்ரா வீட்டுப் பெண்கள். ஒன்று களவு. அந்த 1866ஆம் ஆண்டுப் பிள்ளை கொஸ்தா என்ற வேறு குடும்பம். களவெடுத்தவன் அதைக் கடைசியிலாவது ஒளித்திருக்கலாம். கை கேட்கவில்லை, முதல் வரியில் போட்டுவிட்டது.

"என்னப்பா, எஃப்பில தொடங்குது? அல்பபே மறந்து போச்சே?" என்று ஆலீஸ் கேட்டாள்.

"அந்தப் புத்தகத்தில அந்த எழுத்து வடிவாய் இருந்தது."

லூர்தெஸ் விரலை அந்த வரியில் வைத்தா. "எங்கட ஆக்களில பிலோமினா..." நிமிர்ந்து என்னைப் பார்த்தா. என் முகத்தில் என்னத்தைக் கண்டாவோ! விரலை எடுத்துவிட்டா. "இருந்திருப்பா. ஊர் பெரிசு" என்றா.

மாடும் தெய்ஷெய்ராவாக இருக்கிற அந்த ஊர்தான்.

14 டிசம்பர்

லூயிசா பிலோமினா. தாயும் பிள்ளையும் சுகம்.

27 ஏப்ரல் 2025, ஞாயிறு

ஞானஸ்நானம் முடிந்தது. தண்ணீர் ஊற்றும்போது சாமியார் இரண்டு பெயரையும் உரத்துச் சொன்னார். அத்தனை சனத்துக்கு நடுவே அந்தப் பெயரை முப்பது வருஷத்துக்குப் பிறகு கேட்டேன்.

அவர் பதிவு எழுதும்போது நொண்டி நொண்டிப் பக்கத்தில் போய் நின்றேன். இதற்குப் பின்னால் அட்டவணை இருக்கிறதா என்றும் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "இருக்கு" என்றார். கடைசியில் கையெழுத்து வைத்தார். இவரையும் ஒரு நாள் யாராவது பூட்டன் என்று பிடிக்கக்கூடும்.

மண்டபச் சுவரில் வம்ச மரம் தொங்கியது. அவர்கள் பக்கம் ஏழு தலைமுறை, என் பக்கம் இரண்டு. ஆலீஸ் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, மெய்யைச் சொல்லுங்கோ. ஏன் அந்தப் பேரை முதலில எழுதினீங்கள்?"

"சொன்னன்தானே. எழுத்து வடிவாய் இருந்தது."

அவள் சிரித்துக்கொண்டு கேக் வெட்டப் போனாள். பிள்ளை என் சுண்டுவிரலை விடவில்லை. வாய்வரைக்கும் வந்து நின்றது:

அது உன்ர அக்காவின்ர பேர், ஆலீஸ்.