மூன்றாம் எண் புட்டி

லெயோன்யான், பிப்ரவரி 9

அன்புள்ள திபோ,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஒரு வாரமாகக் கிராவ் வட்டாரம் முழுக்க மூடுபனி. காலையில் திராட்சைக் கொடிகள் தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் தெரிகின்றன. நடுவே நடந்தால் என் காலடிச் சத்தமே வேறு யாருடையதோபோல் கேட்கிறது. இனிப்பில்லாத நம் வெள்ளை ஒயின் பீப்பாய்களில் தூக்கத்தில் பேசுவதுபோல் முணுமுணுக்கிறது.

சிவப்பு ஒயினைக் கலக்கும் நேரம் வந்துவிட்டது. நீ வீட்டில் இல்லாததால் மாதிரிகளைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நான்கு சிறு புட்டிகள், எண் மட்டும் ஒட்டியவை. உன் ஓடைக்கரை மெர்லோ திராட்சை எதில் எவ்வளவு, என் கூழாங்கல் மேட்டுக் கபெர்னே திராட்சை எவ்வளவு என்று சொல்லமாட்டேன். உனக்குப் பிடித்த கலவையே இந்த வருட ஒயின்.

நம் கிடங்குக்காரி ரெஜினுக்கு ஒரே சிரிப்பு. "புருஷன் பொண்டாட்டி பேசிக்க மாட்டீங்க, ஒயின் மட்டும் ஒரே பீப்பாயில குடித்தனம் நடத்தணுமாக்கும்!"

உன் வயலை விற்கலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. அந்தத் திராட்சை எனக்குத் தேவைப்படும்வரை அறுவடைக்கு நீ வந்துதானே ஆகவேண்டும்?

உன்
பெரின்


பயோன், பிப்ரவரி 21

அன்புள்ள பெரின்,

புட்டிகள் உடையாமல் வந்து சேர்ந்தன. ஜன்னலோரம் நின்று ருசித்துத் துப்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் பதறிப்போய், "ஐயோ, பிடிக்கலேன்னா என்கிட்ட குடுத்துருங்களேன்!" என்றாள். மீதியைக் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் பிடித்தது மூன்றாம் எண். வாயில் வைத்ததும் அமைதியாக இருக்கிறது. துப்பிய பிறகும் வெகுநேரம் போகமாட்டேன் என்கிறது. அதில் என் வயல் ஒரு சொட்டும் இல்லை. தெரிந்துதான் சொல்கிறேன். என் மெர்லோ எனக்குத் தெரியாதா?

மற்ற மூன்றிலும் அது உன் கபெர்னேயின் வாயைப் பொத்துகிறது. இத்தனை வருடம் அதை மென்மை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

திபோ


லெயோன்யான், மார்ச் 2

அன்புள்ள திபோ,

அந்தப் புட்டியை நீ ஒதுக்கிவிடுவாய் என்றுதான் சேர்த்தேன்.

"மூணாம் நம்பரே இருக்கட்டும்" என்றேன். ரெஜின் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "அவரோடது ஒரு கரண்டிகூடவா வேணாம்?" வேண்டாம் என்று தலையாட்டினேன். அதற்குமேல் அவள் கிண்டல் செய்யவில்லை.

உன் பீப்பாய்களை ஆள் அனுப்பி எடுத்துக்கொள். வயலையும் விற்றுவிடு. அறுவடைக்கு வர வேண்டியதில்லை.

சாயங்காலம் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு மேட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் போகும்வரை அந்த ருசி என்னோடு இருந்தது. நீ சொன்னது சரிதான், திபோ.

நீ ஒரு பொய் சொல்லியிருக்கலாமே.

பெரின்